எட்டாவது பள்ளிக்கூடம்

கோலாலம்பூருக்கு என்னை அழைத்ததற்கு ஒரே காரணம், அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது என்பதுதான். சிங்கப்பூரில் ஒரு தமிழ்ப் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்தேன். விளையாட்டு விதிகளைக் கரைத்துக் குடித்தவன், ஓட்டப் பந்தயத்துக்கு நேரம் பிடிப்பதில் கை சுத்தமானவன் என்றெல்லாம் நானே என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காகக் கூப்பிட்டிருந்தால் கொஞ்சம் பெருமையாக இருந்திருக்கும். ஆனால் ஆள் மூலம் அவர்கள் கேட்டு அனுப்பியது, "மாஸ்டருக்கு இந்தப் பக்கம் சொந்தபந்தம் யாரும் இல்லையே?" என்பதைத்தான். ஒரு ஈ காக்காய்கூட இல்லை என்று சொல்லி அனுப்பினேன். புறப்பட்டு வரச் சொல்லிவிட்டார்கள்.

ஜப்பான்காரன் ஆட்சியில் இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. சிலாங்கூரில் ஏழு தமிழ்ப் பள்ளிகள் சேர்ந்து ஒரு விளையாட்டுச் சங்கம் வைத்திருந்தன. ஏழு என்பது பந்தயத்துக்கு ஒத்துவராத எண். இரண்டிரண்டாக மோதவிட்டால் ஒரு பள்ளி எப்போதும் கைகட்டி வேடிக்கை பார்க்கும். எட்டாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கல்வி அலுவலகத்து ஜப்பானிய அதிகாரி சம்மதித்தார். மூன்று பள்ளிகள் கேட்டன. ஒன்று பிரிக்பீல்ட்ஸில், ஒன்று கிள்ளான் பட்டணத்தில், மூன்றாவது கேரி தீவுக்குப் போகிற வழியில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். சங்கத்தார் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கடைசியில், வெளியூர்க்காரன் ஒருவன் வரட்டும், பிள்ளைகள் ஓடுவதைக் கண்ணால் பார்த்து அவனே முடிவு சொல்லட்டும் என்று தீர்மானமாயிற்று.

ஒரு விளையாட்டுச் சங்கத்துக்கு இத்தனை இழுபறியா என்று எனக்கு ஆச்சரியம். வந்து இறங்கிய அன்றே அதற்குக் காரணம் தெரிந்துவிட்டது.

சங்கத்தின் செயலாளர் கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் குமாஸ்தா. கஞ்சி போட்ட சட்டையை அந்தப் பஞ்சத்திலும் விடாதவர். கிழங்குக் கஞ்சியாகத்தான் இருக்கும். என்னை அழைத்துப் போக நிலையத்துக்கே சைக்கிளோடு வந்திருந்தார்.

"வாங்கோ மாஸ்டர். களைச்சுப் போனீங்கள். பின்னுக்கு ஏறுங்கோ."

ஏறினேன். கொஞ்ச தூரத்திலேயே ஏன் ஏறினோம் என்று ஆகிவிட்டது. டயர் கிடைக்காததால் சக்கரத்தைச் சுற்றிக் கெட்டி ரப்பரை வரிந்து கம்பியால் கட்டியிருந்தார். சொட்டுக் காற்று இல்லை. தெருவில் கிடந்த ஒவ்வொரு கல்லையும் என் முதுகெலும்பு தனித்தனியாக விசாரித்துக்கொண்டு வந்தது. "நாடு முழுக்க ரப்பர் மரம், எனக்கு ஒரு டயர் இல்லை, பாருங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு மிதித்தார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பு வந்ததும் நான் இறங்கி ஒரு நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் மனைவி மரவள்ளிக்கிழங்கு மாவில் பிட்டு அவித்திருந்தார். முருங்கைக்கீரையில் சொதி. உண்மையைச் சொன்னால், நல்ல அரிசி கிடைத்த காலத்தில் சிங்கப்பூரில் நான் தின்ற பல சாப்பாட்டைவிட அது நன்றாக இருந்தது. அதன் பிறகு வந்த 'கோப்பி'யைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். சோளத்தைக் கருக வறுத்து இடித்தது. எங்கள் ஊரில் தேங்காயைக் கருக்குவோம். ஒவ்வொரு ஊரும் தனக்குத் தெரிந்த வழியில் நாக்கை ஏமாற்றிக்கொண்டிருந்த காலம் அது.

சாப்பிட்டு முடித்ததும் கந்தையா விஷயத்துக்கு வந்தார்.

"சங்கத்தில இருக்கிற பள்ளிக்கூடப் பெடியங்களுக்கு அலுவலகத்தால ஒரு துணிப்பட்டை குடுப்பினம், மாஸ்டர். பேர் எழுதி, முத்திரை குத்தி. அதைக் கையில கட்டிக்கொண்டு திரிஞ்சால் ஒருத்தரும் தொடமாட்டாங்கள்."

"யார் தொடப் போகிறார்கள்?"

அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார். "சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறது உங்கட ஊரில தெரியாதோ? முதல்ல பெரிய ஆக்களைக் கொண்டுபோனாங்கள். இப்ப கொஞ்சம் வளர்ந்த பெடியங்களையும் விடுறாங்கள் இல்லை."

தெரியும். வதந்தி போலத் தெரியும். போனவர்கள் திரும்பி வரவில்லை என்பதும் தெரியும். ஆனால் நான் தேர்ந்தெடுக்கப் போகிற பள்ளிப் பிள்ளைகள் மட்டும் தப்புவார்கள், மற்ற இரண்டு பள்ளிப் பிள்ளைகள் அதிர்ஷ்டத்தை நம்பி இருக்க வேண்டும் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. 

"மூன்று பள்ளியையும் சேர்த்துக்கொண்டால் என்ன?"

"கேட்டுப் பார்த்தாச்சு. ஒண்டுதான் எண்டு அந்த ஜப்பான்காரன் சொல்லிப்போட்டான்."

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பிரிக்பீல்ட்ஸ் பள்ளியில் இருக்க வேண்டும் என்றார்கள். ஏழு மணிக்குக் கும்மிருட்டு. தோக்கியோவில் விடிந்தால் இங்கேயும் விடிந்ததாகக் கணக்கு. நாடு முழுவதும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்களே தவிர, சூரியனுக்கு அந்த உத்தரவு எட்டவில்லை. சிங்கப்பூரிலும் இதே கூத்துதான் என்பதால் எனக்குப் பழகியிருந்தது. சேவல்கள்தான் பாவம், குழம்பிப் போய்க் கண்ட நேரத்தில் கூவிக்கொண்டிருந்தன.

வெளிச்சம் வந்ததும் பள்ளி மைதானத்தைக் காட்டச் சொன்னேன். தலைமையாசிரியர் கையை நீட்டினார். கண்ணுக்கு எட்டிய வரை மரவள்ளிச் செடி.

"மைதானம் எங்கே?"

"இதுதான் மைதானம். உணவுப் பயிர் போடச் சொல்லி உத்தரவு" என்றார் அவர். கோல் கம்பத்தில் புடலங்காய் தொங்கிக்கொண்டிருந்தது.

உடற்பயிற்சி மட்டும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. வானொலி இசைக்கு இச்சி, நி, சான் என்று எண்ணியபடி எல்லாக் கையும் ஒரே நேரத்தில் மேலே போய் ஒரே நேரத்தில் கீழே வந்தது. எந்தப் பையனின் பித்தானும் திறந்திருக்கவில்லை. நான் மெச்சினேன். ஓட்டத்துக்குத்தான் இடமில்லை. குடியிருப்புக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் நூறு கஜம் அளந்து வைத்திருந்தார்கள். சிலிப்பர் கட்டைகளை அடுக்கித் தாண்டும் தடைகளும் செய்திருந்தார்கள்.

விசில் ஊதினேன். ஓடினார்கள். பாதி வழியில் சரக்குப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஓர் எஞ்சின் வந்தது. அத்தனை பிள்ளைகளும் அப்படியே நின்று, எஞ்சின் ஓட்டுநருக்குக் கைகூப்பி வணக்கம் சொல்லிவிட்டு, எஞ்சின் போனதும் விட்ட இடத்திலிருந்து ஓடி முடித்தார்கள்.

"என்ன இது?" என்றேன்.

"முன்னுக்கு ஓடின பெடியன்ட தகப்பன்தான் எஞ்சினில" என்றார் கந்தையா, அதில் கேட்பதற்கு ஒன்றுமே இல்லாதது போல. என் கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி ஓடச் சொல்லிப் பார்த்தேன். ஒழுங்கு நூற்றுக்கு நூறு, வேகம் சுமார். தவிர, இவர்களில் பெரும்பாலோர் ரயில்வே ஊழியர்களின் பிள்ளைகள். எஞ்சின் ஓட ஆள் வேண்டும் என்பதால் அந்தக் குடும்பங்களை ஜப்பான்காரன் தொந்தரவு செய்வதில்லை என்று கந்தையாவே ஒப்புக்கொண்டார். தன் சகோதரி மகன் அந்தப் பள்ளியில் படித்தும் அப்படிச் சொன்னாரே, அது அவருடைய நேர்மை.

அதற்கு அடுத்த நாள் கிள்ளான். சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிய கிள்ளான் லோரி ஒன்றில் இடம் பிடித்துக் கொடுத்தார்கள். பெட்ரோல் எல்லாம் ராணுவத்துக்குப் போய்விட்டதால் அது கரியில் ஓடியது. பின்னால் ஒரு பீப்பாயைப் பொருத்தி, அதில் கரியை மூட்டி, வருகிற புகையை எஞ்சினுக்கு ஊட்டுகிறார்கள். மேடு வந்தால் லோரி யோசிக்கும். பெட்டாலிங் பக்கம் ஒரு மேட்டில் யோசித்தது யோசித்தபடியே நின்றுவிட்டது. இப்போது பெட்டாலிங் ஜெயா என்று வீடும் தொழிற்சாலையுமாக நிற்கிறதே, அங்கே அப்போது ரப்பர் மரத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. லோரியை ஓட்டிய ஆ செங் என்ற சீனர் என் கையில் ஒரு பனையோலை விசிறியைக் கொடுத்து, "வீசு" என்று மலாயில் சொன்னார். வீசினேன். முடிவு சொல்ல வந்த நடுவர் கிள்ளானில் இறங்கும்போது முகம் முழுக்கக் கரி.

லோரியின் சொந்தக்காரர் காதர் பாய்தான் கிள்ளான் பள்ளிக்கு எல்லாம். ஜவுளிக் கடையும் சாப்பாட்டுக் கடையும் வைத்திருந்தார். ஜவுளிக் கடையில் ஜவுளி இல்லை, சாப்பாட்டுக் கடையில் சோறு இல்லை. ஆனாலும் இரண்டையும் தினம் திறந்து, தூசி தட்டி, கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாஸ்டர். முதல்ல மொகத்தக் கழுவிட்டு உக்காருங்க. பசியாறுவோம்."

கிழங்குப் புட்டும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. நான் சாப்பிடச் சாப்பிட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சண்டைக்கு முன்னால் அதே மேசையில் அவர் போட்ட பிரியாணியை வர்ணித்தார். நெய்யை எப்போது விட வேண்டும், இறைச்சியைத் தயிரில் எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும், தம் போட்ட பானையைத் திறக்கும்போது யார் யார் தெருவில் நின்று மூக்கைத் தூக்குவார்கள். பக்கத்து மேசையில் இருந்த இரண்டு பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். "பாய், அந்த முந்திரிய இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார் ஒருவர். பாய் சொன்னார்.

கிள்ளான் பள்ளிக்கு ஆற்றங்கரையில் அருமையான மைதானம். கிழங்கு போட முடியாத உவர் மண் என்பதால் தப்பித்தது. தோல் பந்து கிழிந்துபோய், ரப்பர் நூலை உருட்டி உருட்டிப் பந்து செய்திருந்தார்கள். அது ஒரு பக்கம் உதைத்தால் இன்னொரு பக்கம் போகும். அந்தக் கோணல் பந்தோடு ஆடி ஆடிப் பையன்களுக்குக் கால் நன்றாகப் பழகியிருந்தது. பந்து ஆற்றில் விழுந்ததும் முழு அணியும் தண்ணீரில் குதித்து எடுத்து வந்து ஆட்டத்தைத் தொடர்ந்தது. நூறு கஜத்திலும் பிரிக்பீல்ட்ஸைவிட நல்ல வேகம். மனசுக்குள் கிள்ளான்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

பாயிடம் கேட்டேன், உங்கள் பையன்களுக்கும் அந்தப் பயம் உண்டா என்று.

"டவுன்ல அவ்வளவா இல்ல, மாஸ்டர். கடைக்காரன் புள்ளைய எடுத்தா கடைக்காரன் சத்தம் போடுவான். ஆனா கையில பட்டை இருந்தா தாய்மாருவளுக்குத் தூக்கம் வரும்." கொஞ்சம் நிறுத்தி, "நாளைக்கு அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கும் போறீங்களாமே? நம்ம லோரிய எடுத்துக்கங்க. அங்க தரை சரியில்ல, எல்லாம் வேரும் கல்லும். பையனுவள ஏத்திட்டு இங்கயே வந்திருங்க. நம்ம மைதானத்துல நம்ம பையனுவளோட சேத்து ஓட விடுங்க. பொறவு யாரும் ஒரு பேச்சு பேசக் கூடாது" என்றார்.

போட்டிப் பள்ளிக்குத் தன் லோரியைக் கொடுக்கிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டேன். மாஸ்டர் வந்து பையன்களை அழைத்துப் போவார் என்று தோட்டத்துக்கு ஓர் ஆள் மூலம் சொல்லியும் அனுப்பினோம்.

மறுநாள் நானும் ஆ செங்கும் புறப்பட்டோம். நடுவரின் உடையில் இருக்க வேண்டும் என்று காக்கி அரைக்கால் சட்டை, காக்கி மேல்சட்டை, தொப்பி எல்லாம் போட்டிருந்தேன். கழுத்தில் விசில், கையில் பந்தயக் கடிகாரம். வழியில் லோரி ஒரு முறைதான் யோசித்தது. வாழ்க்கை இனிமையாக இருந்தது.

தோட்டம் ஒரே அமைதி. ரப்பர் வாங்க ஆளில்லாததால் மரங்களில் பால் வெட்டாமல் புல் மண்டியிருந்தது. வளைவில் திரும்பியதும் தொழிலாளர்களின் லயத்து வீடுகளும், கடைசியில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட பள்ளியும் தெரிந்தன. பள்ளிக்கு முன்னால் சின்னத் திடல். அதில் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லோரும் தலை வாரி, இருக்கிற துணியில் நல்லதாகப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். வரிசைக்கு முன்னால் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிய ஓர் இளம்பெண் நின்றார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. லோரியின் படியில் ஏறி நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விசிலை எடுத்து நீளமாக ஊதினேன். சிங்கப்பூரில் அந்த விசிலுக்கு என் பிள்ளைகள் விறைத்து நிற்பார்கள்.

இங்கே ஓடினார்கள்.

வரிசை எப்போது கலைந்தது என்றே தெரியவில்லை. கல், வேர், முள் எதையும் பார்க்காமல் வெறுங்காலோடு திடலைக் கடந்து, ஓரத்தில் தண்ணீர் வடிய வெட்டியிருந்த காணை ஒரே தாவில் தாண்டி மரங்களுக்குள் மறைந்தார்கள். முன்னால் ஓடிய ஒல்லிப் பையனின் கால் தரையில் பட்டதாகவே எனக்குத் தோன்றவில்லை. ஒரு சிறுமி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். அவளே எங்கள் பள்ளியின் சாம்பியனைத் தோற்கடித்திருப்பாள். கால் நூற்றாண்டுப் பழக்கத்தில் என் கட்டைவிரல் விசில் ஊதியபோது கடிகாரத்தை அழுத்தியது. ஒல்லிப் பையன் காணைத் தாண்டியபோது மறுபடி அழுத்தியது. இரண்டும் எனக்குத் தெரியாமலே நடந்தன.

லயத்து வீடுகளிலிருந்து கதவு சாத்துகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. திடலில் அந்தப் பெண் மட்டும் நின்றார். 

"நீங்க சிங்கப்பூரு மாஸ்டருங்களா?"

"ஆமாம்மா. என்ன ஆயிற்று? ஏன் ஓடினார்கள்?"

"மாஸ்டர் வருவாரு, விசில் அடிப்பாருன்னு நான் சொல்லியிருந்தேங்க. லோரியில வருவீங்கன்னு எங்களுக்குச் சொல்லலீங்களே."

அவர் பெயர் தைலம்மை. பள்ளிக்கு ஆசிரியர் அவர் இல்லை, அவருடைய கணவர்; இப்போது கணவருக்குப் பதிலாக இவர்தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், திடலில் இலவசமாகப் படம் காட்டப் போகிறோம், எல்லோரும் வாருங்கள் என்று அறிவித்தார்களாம். தோட்டமே கூடியது. பிள்ளைகள் தள்ளுமுள்ளு செய்யக் கூடாது என்று வாத்தியார் அவர்களை வரிசையாக உட்கார வைத்துக்கொண்டிருந்தார்.

"விசில் அடிச்சாங்க. லோரி வந்துச்சு. காக்கிச் சட்டைங்க குதிச்சாங்க. ஆம்பளைங்கள அப்படியே ஏத்திட்டாங்க. அவரையும்." தைலம்மை காணுக்கு அப்பால் இருந்த மரங்களைப் பார்த்தார். "அன்னிக்கு இந்தப் பிள்ளைங்க உக்காந்த எடத்தவிட்டு எந்திரிக்கவே இல்லீங்க. பாத்துக்கிட்டே இருந்துச்சுங்க."

நான் தொப்பியைக் கழற்றினேன். கழுத்திலிருந்த விசிலை எடுத்துப் பையில் போட்டேன்.  மன்னித்துக்கொள்ளம்மா என்று மட்டும் சொன்னேன். அவருக்கு அது தேவைப்படவில்லை. உள்ளே போய் அவித்த கிழங்கும் பச்சை மிளகாயும் பாலில்லாத தேநீரும் கொண்டுவந்து வைத்தார். அவர்கள் நிலைமையில் அந்தக் கிழங்கு யாருடைய பங்கு என்று எனக்குத் தெரியும். மறுத்தால் அதைவிடக் கேவலம். சாப்பிட்டேன்.

ஆ செங் லோரியை வளைவுக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தினார். அப்படியும் ஒரு பிள்ளை தலைகாட்டவில்லை.

"நீங்க போயிட்டாத்தாங்க வரும்" என்றார் தைலம்மை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஓடுறதக் கண்ணால பாத்தாத்தான் சேப்பீங்கன்னு சொன்னாங்க. இப்ப எங்களுக்கு இல்லன்னு ஆயிடுச்சுங்களா? பெரிய பையனுங்க பதினோரு பேரு இருக்கானுங்க."

அப்போதுதான் என் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். முள் ஓர் இடத்தில் நின்றிருந்தது. நம்ப முடியாமல் உதறிப் பார்த்தேன். "டீச்சர், உங்கள் பையன்கள் எந்த இடத்தில் நின்றார்கள்? சரியாகக் காட்டுங்கள்" என்றேன். அவர் காட்டினார். கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து வந்து, நானும் அவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து காண் வரை அளந்தோம். அளந்து முடித்துக் கணக்குப் போட்டேன். போட்டது தப்பு என்று நினைத்து மறுபடி போட்டேன்.

திரும்பும் வழியில் ஆ செங் கேட்டார்: "சிங்கப்பூரில் லோரி வந்தால் ஓட மாட்டார்களா?" தெரியவில்லை என்றேன். "இங்கே நானே ஓடுவேன். லோரியை ஓட்டுகிறவனே நானாகப் போயிற்று" என்றார்.

மறுநாள் சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸில் கந்தையா வீட்டுக் கூடத்தில் கூட்டம். சங்கத்தார் வந்திருந்தார்கள், காதர் பாயும் வந்திருந்தார். தோட்டத்துப் பள்ளி என்று நான் சொன்னதும் சலசலப்பு எழுந்தது. அவர்கள் போட்டிக்கே வரவில்லையே என்றார் ஒருவர். விதிப்படி நடுவர் ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். விதி என்றால் நான் விடுவேனா? எழுந்து நின்றேன்.

"பார்த்தேன். என் விசிலுக்குத்தான் ஓடினார்கள். நேரம் பிடித்திருக்கிறேன், தூரம் அளந்திருக்கிறேன்" என்று சொல்லி நேரத்தையும் சொன்னேன்.  பிறகு அந்த ஓட்டம் எப்படி நடந்தது என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். 

முதலில் பேசியவர் காதர் பாய். "என் லோரியா அந்தப் புள்ளைவள வெரட்டுச்சு?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "அவங்களுக்கே குடுங்க மாஸ்டர். எங்க பையனுவ அந்த வேகத்துக்குக் கிட்டக்கூட வரமாட்டானுவ. வரவும் வேணாம்."

கந்தையா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். "ஓடிறதைப் பார்க்கவேணும் எண்டுதான் விதி. நடுவரை நோக்கி ஓடவேணும் எண்டு எங்கட விதியில இல்லை" என்றார். யாரும் மறுக்கவில்லை.

பட்டைகள் வர இரண்டு நாள் ஆயின. அதை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். இந்த முறை வேட்டி, கந்தையாவிடம் இரவல் வாங்கிய சட்டை, விறகு ஏற்ற வந்த மாட்டு வண்டி. வண்டிக்காரர் வழி முழுக்கத் தன் மச்சினனைத் திட்டிக்கொண்டு வந்தார். அந்த மாடுகளைப் போல மெதுவாக நடக்கும் மாடுகளை நான் கண்டதில்லை. அவசரமும் இல்லை.

பிள்ளைகள் இருந்தார்கள். தைலம்மை ஒவ்வொரு பையனாகக் கூப்பிட, நான் பெயர் எழுதிக் கையில் கட்டினேன். முன்னால் ஓடிய ஒல்லிப் பையன் கடைசியாக வந்தான்.

"எப்படிடா அவ்வளவு வேகமாக ஓடினாய்?"

"நீங்க தொரத்தலீங்களே சார்" என்றான் அவன், கொஞ்சம் வெட்கத்தோடு. "அதனால பாதியிலயே வேகத்தக் கொறச்சிட்டேன்."

திடல் சிரித்தது. நானும் சிரித்தேன். பதினோரு பேருக்கும் கட்டி முடித்தபோது ஒரு பட்டை மிச்சம் இருந்தது. அது விளையாட்டு ஆசிரியருக்கு உரியது. பேனாவைத் திறந்துகொண்டு, "கையை நீட்டுங்கள் டீச்சர். தைலம்மை என்று எழுதிவிடவா?" என்றேன்.

அவர் கையை நீட்டவில்லை.

"பொம்பளைய யாருங்க ஏத்திட்டுப் போகப் போறா. அது வாத்தியாருக்கு இருக்கட்டுங்க."

"அவர் இங்கே இல்லையே அம்மா."

"வருவாருல்லீங்க. பொழச்சு வர்றவர வர்ற வழியிலயே மறுபடி ஏத்திட்டாங்கன்னா? ஆளுங்க அந்தப் பக்கம் போறப்ப குடுத்து அனுப்பிடுவேன்."

பள்ளியில் இருந்து வேலை செய்கிறவர் பெயரைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. ஆயுளில் ஒரு தப்பு நேரம் குறித்ததில்லை என்று அதுவரை மார்தட்டிக்கொண்டிருந்தேன். பட்டையை முழங்காலில் விரித்து வைத்து, "அவர் பெயர் என்ன?" என்று கேட்டேன்.

புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் அந்தக் காலத்தில் நம் பெண்களுக்குக் கிடையாது. யாராவது கேட்டால் பக்கத்தில் இருக்கிறவர்கள் சொல்வார்கள். இரண்டு மூன்று பையன்கள் சொல்ல வாயெடுத்தார்கள். தைலம்மை கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார்.

"அருணாசலம்" என்றார். தோட்டத்துக்கே கேட்டிருக்கும். "தூரத்துலேருந்தே தெரியற மாதிரி பெருசா எழுதுங்கய்யா."

எழுதினேன். முத்திரைக்கு விட்ட இடம் போகப் பட்டை முழுவதும் அந்தப் பெயர்தான் இருந்தது.